கேஸ் ஜெயித்தால் வக்கீல் ஃபீஸை அரசே தரும் என்று சொல்லி ரூ.86,500 பறித்துவிட்டார்கள். சென்னைக்காரர்களே, உஷார்!

பென்ஷன் பாக்கி, சம்பள நிலுவை, நில இழப்பீடு என்று அரசாங்கத்தின் மேல் ரிட் (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போட நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். இன்று மதியம்தான் வக்கீல் பிடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு ஆப் கம்பெனியிடமிருந்து கடைசி மெயில் வந்தது. ‘உங்கள் டிக்கெட் மூடப்பட்டது’ என்று இரண்டே வரி. டிக்கெட் என்றால் நான் அவர்களிடம் பதிவு செய்த புகார். ரூ.86,500 போன இடம் தெரியவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இவர்களிடம் மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆப் மூலமாக வக்கீல் பிடித்துக் கொடுக்கிற கம்பெனி, அவ்வளவுதான். மவுண்ட் ரோடு பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் ஆபீஸ்.

அப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தைத் திருத்தி நிர்ணயம் செய்து நிலுவையைக் கொடுத்திருக்க வேண்டும். மனு மேல் மனு போட்டும் பதிலே இல்லை. அந்த நேரத்தில்தான் இந்த ஆப்பின் விளம்பரம் கண்ணில் பட்டது. நம்பரைப் பதிவு செய்த அன்று மாலையே ஒரு பையன் அம்பத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அம்மா நம்பியது எந்த இடத்தில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவின் பென்ஷன் ஆர்டரை அவன் வாங்கிப் பார்த்தான். சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்து, கடைசிச் சம்பளம் எழுதியிருந்த வரிக்கு அடியில் லேசாகக் கோடு போட்டான். “அம்மா, இந்தத் தொகையை வெச்சுத்தான் உங்களுக்குக் கணக்கு போட்டிருக்கணும், அவங்க போடலை” என்றான். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி யாரும் சொல்லாததை இவன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டான். அம்மா உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தார். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எங்க அம்மாவுக்குச் செய்யற மாதிரி செஞ்சு தரேன்மா” என்றான்.

அப்புறம் லேப்டாப்பைத் திறந்து ஒரு ஸ்லைடு காட்டினான். ‘அரசுக்கு எதிரான வழக்கில் வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தை அரசே செலுத்தும்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே பொடி எழுத்தில் ‘பிரிவு 2412’. “இப்ப நீங்க கட்டறது முழுக்கத் திரும்பி வந்துரும் சார், கோர்ட்டே ஆர்டர் போடும்” என்றான். நல்ல வேளை, அந்த ஸ்லைடை ஃபோனில் படம் எடுத்து வைத்தேன். அன்றைக்கு ரூ.61,500 கட்டினோம். அம்மாவின் போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டை உடைத்து எடுத்த பணம் அது.

கேஸ் போட்டார்கள், அதை இல்லை என்று சொல்லவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஒரு இளம் வக்கீல் ஆஜரானார். மனுதாரரின் கோரிக்கையை 12 வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்று துறைக்கு உத்தரவு கிடைத்தது. ஆப்பில் ‘வெற்றி’ என்று பச்சை டிக் வந்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்.

மறுநாள் அதே பையன் ஃபோன் செய்தான். “சார், ஃபீஸ் ரெகவரி அப்ளிகேஷன் 30 நாளுக்குள்ள போட்டாகணும். விட்டா அந்தப் பணம் போச்சு. அதுக்குத் தனியா 25,000 ஆகும், அதுவும் சேர்ந்து திரும்பி வந்துரும்.” ஆர்டர் காப்பி எங்கே என்று கேட்டேன். “இன்னும் அப்லோட் ஆகலை சார்” என்றான். 30 நாள் என்றதும் அம்மா பயந்துவிட்டார். கட்டினோம். மொத்தம் ரூ.86,500.

அதோடு ஃபோன் எடுப்பது நின்றது. கஸ்டமர் கேரில் கேட்டால் “டிக்கெட் ரைஸ் பண்ணுங்க சார்”. டிக்கெட் போட்டால் “லீகல் டீம் பார்த்துட்டிருக்காங்க”. இன்னொரு நாள் “கவர்மென்ட் சைடுல ஃபண்ட் ரிலீஸ் ஆகலை”. நேரில் போனால் ரிசப்ஷனில் இருந்த பெண், “அந்த எக்ஸிக்யூட்டிவ் வேலையை விட்டுட்டார், வேற ஆளை அசைன் பண்றோம்” என்றார். உள்ளே ஏசி அறையில் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிகிறது. அறுபது தாண்டிய அம்மாவை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தே திருப்பி அனுப்பினார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் கேஸ் நம்பரை வைத்து ஆஜரான வக்கீலையே தேடிப் பிடித்தேன். தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடி அறையில் சீனியரிடம் வேலை பார்க்கிறார். ஆர்டர் காப்பியை எடுத்துக் கையில் கொடுத்தார். கடைசி வரியில் இரண்டே வார்த்தை: ‘நோ காஸ்ட்ஸ்’. எதிர்த் தரப்பிடமிருந்து வழக்குச் செலவுத் தொகை கிடையாது! “ரிட்ல பெரும்பாலும் இப்படித்தான் சார் முடியும். செலவு கொடுக்கறதும் கொடுக்காததும் ஜட்ஜோட விருப்பம். ரெகவரி அப்ளிகேஷன்னு ஒண்ணு நான் போடவே இல்லையே” என்றார். அவர் கைக்கு வந்தது வெறும் 12,000 ரூபாய். எங்களிடம் ரூ.86,500 வாங்கியதே அவருக்குத் தெரியாது.

அந்த ‘பிரிவு 2412’ என்ன என்று அன்று இரவு தேடிப் பார்த்தேன். அமெரிக்கச் சட்டம்! அங்கே 1980-ல் கொண்டுவந்த ஈக்குவல் ஆக்சஸ் டு ஜஸ்டிஸ் ஆக்ட் என்ற சட்டத்தின் பிரிவு அது. அமெரிக்க மத்திய அரசோடு வழக்காடி ஜெயிப்பவர்களுக்கானது. அங்கேயும் தானாக வந்துவிடாது. அரசுத் தரப்பு தன் நிலைப்பாட்டில் போதுமான நியாயம் இருந்தது என்று காட்டிவிட்டால் பணம் கிடையாது. தனி ஆளாக இருந்தால் நிகர சொத்து 20 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. வக்கீலுக்கு மணிக்கு 125 டாலர் என்று சட்டமே ஒரு வரம்பு வைத்திருக்கிறது, விலைவாசியைப் பார்த்துக் கோர்ட் கூட்டிக் கொடுக்கலாம். இறுதித் தீர்ப்பு வந்து 30 நாளுக்குள் மனு போட வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. அம்மாவைப் பயமுறுத்திய அதே 30 நாள்! வாஷிங்டன் சட்டத்தில் இருந்து ஒரு கெடுவை உருவி எடுத்து அம்பத்தூரில் ஒரு விதவைப் பெண்ணை மிரட்டியிருக்கிறார்கள். அந்த ஃபீஸ் பணம் வக்கீலுக்குச் சேராது, வழக்குப் போட்டவருக்குத்தான் சொந்தம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருக்கிறது. அங்கே அவ்வளவு திட்டவட்டமாக இருக்கிற விஷயத்தை இங்கே ஏமாற்றுவதற்கு எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் என்ன இருக்கிறது? சிவில் வழக்கு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி கோர்ட் செலவுத் தொகை கொடுக்கச் சொல்லலாம். வேண்டுமென்றே போடுகிற பொய் வழக்குக்கு 35ஏ பிரிவில் இழப்பீடு உண்டு. அதற்கு உச்சவரம்பே 3,000 ரூபாய்தான். இந்தச் செலவு விதிகள் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் வருத்தப்பட்டிருக்கிறது, சட்ட ஆணையம் 2012-ல் தனி அறிக்கையே கொடுத்திருக்கிறது. அரசுத் துறை செய்த தவறுக்குச் சாதாரண ஜனம் கைக்காசைப் போட்டுக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், ஜெயித்தாலும் பெரும்பாலும் அந்தக் காசு வராது. இது பெரிய அநியாயம், மாற வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். அந்த அநியாயத்தில் நொந்துபோயிருக்கிறவர்களைத்தான் இந்தக் கம்பெனி குறிவைக்கிறது.

இதையெல்லாம் எழுதி அனுப்பிய பிறகு அவர்களிடமிருந்து வந்த பதிலைக் கேளுங்கள். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம், அதனால் ரீஃபண்ட் கேட்க முடியாதாம். 2024 மே மாதம் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. அது வக்கீல்களைப் பற்றியது. இவர்கள் வக்கீலா? ஆப் நடத்துகிற கம்பெனி. வக்கீல் அல்லாதவரோடு ஃபீஸைப் பங்குபோடக் கூடாது என்பது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று வக்கீல் பேரம் பேசுவதும் கூடாது. ஆன்லைனில் வக்கீல்களுக்குக் கேஸ் பிடித்துக் கொடுக்கும் தளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. அதே கோர்ட்டில் கேஸ் நடத்தித் தருவதாகச் சொல்லித்தான் எங்களிடம் ரூ.86,500 வாங்கினார்கள்.

இன்னொன்று. இதைத் தெரிந்துகொண்ட அன்று அம்மாவிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு இலவச வக்கீல் கேட்க உரிமை இருக்கிறது, வருமானம் எவ்வளவாக இருந்தாலும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் எல்லோருக்கும் உண்டு. அதற்கான ஆபீஸ் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. அந்தப் பையனுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை, அம்மா கூப்பிடுகிறார். அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபீஸ் அரசிடமிருந்து திரும்பி வரும் என்று யார் சொன்னாலும் பைசா கொடுக்காதீர்கள். சட்டப் பிரிவைக் காட்டினால் எந்த நாட்டுச் சட்டம் என்று கேளுங்கள். ஆர்டர் காப்பியைப் பார்க்காமல் அடுத்த தவணை கட்டாதீர்கள், கடைசி வரியைப் படியுங்கள். வக்காலத்தில் (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கையெழுத்துப் போடும்போதே வக்கீலின் நம்பரை அவரிடமே வாங்குங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100, நுகர்வோர் புகாருக்கு 1915.

திங்கட்கிழமை போலீஸில் புகார் கொடுக்கிறோம். அந்த ‘பிரிவு 2412’ ஸ்லைடை உங்களுக்கும் யாராவது காட்டியிருந்தால், பணம் கட்டிய ரசீதோடு சொல்லுங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.