கம்பளி நூலா, அக்ரிலிக்கா? மழை விடாத மலையில் பின்னுகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்தில் இருந்துகொண்டு சுவெட்டர் பின்ன எந்த நூல் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் என்றுதான் சொல்வேன். மகனின் பள்ளிக்கூடச் சுவெட்டர், அம்மாயியின் சால்வை, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் என்று வீட்டில் புழங்குகிற எல்லாவற்றுக்கும் இப்போது அதையே எடுக்கிறேன். கம்பளியில் பின்னியதும் அலமாரியில் இருக்கிறது, அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் பின்னலைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் கம்பளியைத் தவிர மற்றதெல்லாம் பிளாஸ்டிக் என்று முகம் சுளிக்கிறார்கள். ஆனி மாதம் ஹட்டனில் ஒருதரம் துணி காயப்போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். விலையில் அக்ரிலிக் மலிவு, அதில் பேச்சே இல்லை. நிறங்களும் அதில்தான் அதிகம், பள்ளிக்கூடத்துக்குத் தேவையான கடும் நீலமும் மெரூனும் தேடி அலைய வேண்டியதில்லை. டபிள் நிட் என்கிற நடுத்தரத் தடிப்பில் 100 கிராம் அக்ரிலிக் உருண்டை வாங்கினால் ஏறக்குறைய 290 மீட்டர் நூல் வரும், அதே தடிப்புக் கம்பளியில் 50 கிராமுக்கு 110 முதல் 125 மீட்டர்தான். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் சுவெட்டருக்கு 250 கிராம் அக்ரிலிக் போதும், கம்பளியில் இன்னும் ஓர் உருண்டை சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பருத்தி நூலை இந்தப் பேச்சில் சேர்க்கவே இல்லை. பாத்திரம் இறக்குகிற துணிக்கு அது அருமை, சுவெட்டராகப் பின்னினால் நனைந்ததும் கனத்துத் தொங்கும், இழுபட்ட இடம் பழையபடி சுருங்காது.

கடையில் எதைக் கேட்டாலும் ஊல், அதாவது கம்பளி, என்றுதான் எடுத்துத் தருவார்கள், லேபிளைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். லேபிள் இல்லாத நூலென்றால் ஒரு துண்டை வெட்டிக் கிடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டலாம். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் தானாக அணையப் பார்க்கும், மிஞ்சுகிற சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். அக்ரிலிக் உருகி எரியும், ஆறியதும் நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி ஒன்று நிற்கும், அது நசுங்காது.

அடுத்தது சூடு. இதில் கம்பளிதான் மேல், சந்தேகமே வேண்டாம். அது தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, ஈரத்தை இழுக்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியே விடும். எங்கள் அம்மாயி கொழுந்து எடுத்த காலத்தில் மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு போன தோட்டத்துக் கம்பளியைப் பற்றி இன்னும் சொல்வார், நனைந்தால் தோள் ஒடிகிற பாரமாம், ஆனாலும் உள்ளே குளிராதாம். அது உண்மைதான். அக்ரிலிக் இழைக்குள் ஈரம் போவது ஒன்று இரண்டு சதவீதம்தான். வியர்வையும் உள்ளே போகாது, ஏற்றம் ஏறிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு முதுகு பிசுபிசுக்கும்.

சரி, அப்படியானால் ஏன் அக்ரிலிக்? துவைக்கிறதும் காயவைக்கிறதும்தான். மற்ற எல்லாக் காரணத்தையும் எடுத்துவிட்டாலும் எனக்கு இந்த ஒன்று போதும்.

எங்கள் பக்கம் வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் புரட்டாசி வரைக்கும் துணி காய்வது என்பது வீட்டில் ஒரு தனி வேலை. கீழே வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. இங்கே அவ்வளவு இல்லை, ஆனால் மழை விட்டாலும் மூடுபனி விடாது, கொடியில் கிடக்கிற துணி காய்வதற்குப் பதிலாக இன்னும் ஈரமாகிறது. கம்பளிச் சுவெட்டரைக் கொடியில் தொங்கவிடக் கூடாது, தண்ணீர்ப் பாரத்தில் இழுபட்டுக் கை முழங்காலைத் தொடும். துவாயில் வைத்துச் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்துவிட்டு, சமதரையில் விரித்துத்தான் காயவைக்க வேண்டும். லயத்துக் காம்பரா அறையில் அந்தச் சமதரை எங்கே இருக்கிறது? கட்டிலில் ஆள் படுக்க வேண்டும், மேசையில் பிள்ளை படிக்க வேண்டும். அப்படியே ஓர் இடம் கிடைத்தாலும் மழை வாரத்தில் நாலைந்து நாள் போனாலும் கக்கத்திலும் கைப்பட்டியிலும் ஈரம் இருக்கும், அதற்குள் ஒரு புழுங்கல் நாற்றம் வந்துவிடும், இன்னும் விட்டால் பூஞ்சணம். அடுப்புக்கு மேலே பரணில் போட்டால் காயும்தான், ஆனால் தேயிலை மிலாற்று விறகின் புகை அதில் ஏறிவிடும், அந்த வாசத்தோடு பிள்ளை வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

அக்ரிலிக்கை இரண்டு கையாலும் அமுக்கிப் பிழிந்து, சுவெட்டரின் கைகளுக்குள் ஒரு கம்பை விட்டு ஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், மாட்டினால் மழை நாளிலும் அநேகமாக மறுநாள் போடலாம். இழைக்குள் தண்ணீர் போகவில்லை, பின்னல் கண்ணிகளுக்கு இடையில் நிற்கிற தண்ணீர்தான் வடிய வேண்டும், அவ்வளவுதான் காரணம். சேற்றுப் பாதையில் வருகிற பிள்ளைக்கு வாரம் தவறாமல் துவைக்க வேண்டியிருக்கிறது, இரண்டு சுவெட்டரை மாற்றி மாற்றி ஓட்டிவிடலாம். கம்பளி என்றால் மூன்று வேண்டும், அந்தக் காசுக்கு நான் எங்கே போவது?

துவைக்கிறவர் யார் என்பதையும் பாருங்கள். பின்னியவரே எப்போதும் துவைப்பதில்லை. கம்பளி இழையின் மேல் மீன் செதிள் மாதிரி நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. சுடுதண்ணீர், காரமான சவர்க்காரம், கசக்கல் மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதிள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு துணி இறுகிச் சுருங்கிவிடும், திரும்ப விரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு, கசக்காமல் ஊறவைத்து, அலசுகிற தண்ணீரும் அதே சூட்டில் இருக்கும்படி பார்த்து எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பீலிக்கரையில் வாளித் துணியோடு சேர்த்துக் கட்டிச் சவர்க்காரம் போட்டுக் கல்லில் நாலு அடி அடிக்கிற பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா? அவர் உதவிக்குத்தான் துவைக்கிறார். அக்ரிலிக் அந்த அடியையும் தாங்குகிறது, கொஞ்சம் தளரும், பந்து பந்தாக மேலே நூல் திரளும், ஆனால் பிள்ளைக்குப் போடலாம்.

அந்துப்பூச்சியும் இதே கணக்கில்தான் வரும். அதன் புழு தின்பது கம்பளியில் இருக்கிற கெரட்டின் என்கிற புரதத்தை, அதிலும் வியர்வை பட்டுத் துவைக்காமல் வைத்த கம்பளி என்றால் தேடி வரும். ஆகவே எடுத்து வைப்பதற்கு முன்னால் துவைக்க வேண்டும், துவைத்தால் காயவைக்க வேண்டும், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம். அக்ரிலிக்கைப் பூச்சி தின்னாது.

இதற்குமேல் அக்ரிலிக்கைப் புகழ மாட்டேன், அதன் கோளாறுகள் சின்னவை அல்ல. சூடான அயன் பெட்டி ஒரு தடவை பட்டால் போதும், நூல் உயிரற்றுத் துவண்டுவிடும், எதைச் செய்தாலும் மீளாது. அதைவிட முக்கியம் நெருப்பு. அடுப்படியில் குந்திச் சமைக்கிறவர்களுக்கும் அடுப்போரம் தவழ்கிற குழந்தைக்கும் அக்ரிலிக் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். பொறி பட்டால் கம்பளி கருகி நின்றுவிடும், இது உருகித் தோலில் ஒட்டும். வீட்டில் கேஸ் இல்லாமல் விறகுதான் என்றால் சமைக்கிறபோது போடுகிற மேலங்கிக்கு மட்டுமாவது கம்பளி எடுங்கள். அப்புறம், ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் உதிர்கின்றன, எங்கள் ஓடைத் தண்ணீர் கொத்மலை ஓயாவுக்குத்தான் போகிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடிக்கடி துவைப்பதைக் குறைக்கலாம், அதுவும் பிள்ளை சேற்றில் விழாத வாரத்தில்.

பின்னுகிற சுகத்துக்கு என்று கேட்டால் என் கை கம்பளியைத்தான் எடுக்கும். சாயங்காலம் வேலை முடிந்து, தகரத்தில் மழை கொட்ட, சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாயத் தண்ணி (பால் விடாத தேநீர்) குடித்துவிட்டு, வானொலியை மெதுவாக வைத்து உட்காருகிற அந்த நேரம் இருக்கிறதே, அப்போது விரலில் கம்பளி நூல் ஓடுவது தனிச் சுகம். நூல் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், கண்ணி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழுந்திருந்தாலும் ஒருதரம் துவைத்துப் பரப்பிக் காயவைத்தால் எல்லாம் சமனாகி உட்கார்ந்துவிடும். ஊசியிலிருந்து கண்ணி நழுவினாலும் சட்டென்று ஓடாமல் நின்ற இடத்தில் நிற்கும். அக்ரிலிக் அலுமினிய ஊசியில் கிரீச்சிடுகிறது, சில மலிவு நூல்கள் பிரிந்து ஊசி நடுவில் குத்துகிறது. மூங்கில் ஊசிக்கு மாறிய பிறகு கிரீச்சல் நின்றது. அதனால் எனக்காகப் பின்னுகிறபோது, அவசரம் இல்லாதபோது, கம்பளி. கழுத்துத் துண்டும் தொப்பியும் மாதிரி சின்னச் சாமான்கள், அடிக்கடி துவைக்கத் தேவையில்லாதவை, அவற்றை வருஷத்தில் ஒருதரம் மாசி வெயிலில் துவைத்துவிடலாம். எங்கள் பக்கத்துத் திம்புள்ளத் தேயிலைக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிற தை முதல் பங்குனி வரையான அதே வறண்ட வெயில்தான் கம்பளிக்கும் காலம்.

மலையின் அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் கணக்கு தலைகீழ். இங்கே கொட்டுகிற ஆடி ஆவணியில் ஊவாவில் வெயிலும் வறண்ட காற்றும், அங்கே கம்பளி நிழலிலேயே காய்ந்துவிடும் என்று வெலிமடையில் இருக்கிற என் நாத்தனார் சொல்வார். அவருடைய தொல்லை கார்த்திகை மார்கழியில். நுவரெலியாவோ 1868 மீட்டர் உயரம், தை மாசி விடியற்காலையில் புல்லில் உறைபனி விழுகிற ஊர், அங்கே பெரியவர்களுக்கு ஒரு நல்ல கம்பளிச் சுவெட்டர் வீண் செலவு இல்லை, காயவைக்கத் தோதான இடம் இருந்தால்.

காசு இடிக்கிறது, ஆனால் கம்பளியில் பின்னிப் பார்க்க ஆசை என்றால் நுவரெலியா பேல் பஜாரில் மலிவாகத் தொங்குகிற சுவெட்டர்களைக் கிளறிப் பாருங்கள். கம்பளி என்று லேபிள் உள்ளதாக எடுத்து, உட்பக்கத் தையலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஓரங்கள் கண்ணியோடு கண்ணி சேர்த்துப் பின்னப்பட்டிருந்தால் நூல் அறாமல் நீளமாகப் பிரிந்து வரும். துணி மாதிரி வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகத்தான் கையில் வரும். பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் போய்விடும்.

இரண்டும் கலந்த நூலும் உண்டு, 20, 25 சதவீதம் கம்பளி சேர்த்தது. என் அனுபவத்தில் அது காய்வதில் அக்ரிலிக்குக்குக் கிட்ட, கைக்கு இதமாக இருப்பதிலும் கொஞ்சம் மேல், கிடைத்தால் பெரியவர்களுக்கு அதை எடுப்பேன். துவைக்கிற மெஷினில் போடலாம் என்று விற்கிற, செதிளை அடக்கிப் பதப்படுத்திய கம்பளியில் ஒரு கழுத்துத் துண்டுதான் பின்னியிருக்கிறேன். சுருங்கவில்லை, ஆனால் நனைந்ததும் நன்றாக நீண்டது, காய்வதற்கும் சாதாரணக் கம்பளி அளவுக்கே நேரம் எடுத்தது. ஒரு துண்டை வைத்து முழுச் சுவெட்டருக்கு நியாயம் சொல்ல முடியாது. மெரினோ ஆட்டுக் கம்பளியும் அப்படியே, தொட்டுப் பார்த்த அளவில் பட்டுப்போல இருந்தது, எத்தனை வருஷம் உழைக்கும் என்று பின்னிப் போட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெளிர் நிறத்தில் டபிள் நிட் அக்ரிலிக் ஓர் உருண்டையும் 4 மில்லிமீட்டர் மூங்கில் ஊசியும் வாங்கினால் போதும். வீட்டில் பழைய ஊசி இருந்தால் அதில் 8 என்று போட்டிருப்பதே அந்த அளவு, பழைய இங்கிலாந்து இலக்கத்தில் எண் கூடக் கூட ஊசி மெலியும், 10 என்றால் 3.25 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்துக் கடும் நீலத்தில் மட்டும் பழக வேண்டாம், கரண்ட் மங்கலாக எரிகிற இரவில் அதில் கண்ணியே தெரியாது.