ரைடு புகைப்பட பேக்கேஜுக்கு முன்கூட்டியே பணம் கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பொழுதுபோக்குப் பூங்காக்களில் ரைடு ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக எடுக்கப்படும் புகைப்படங்களுக்கென்று நுழைவாயிலிலேயே ஒரு பேக்கேஜ் விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் குடும்பமாகப் போய் அதை வாங்கினோம். மாலையில் எங்களிடம் இருந்தவை, பச்சைத் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்த ஒரு படமும், அம்மாவின் முகம் முன்வரிசைக்காரரின் கைப்பேசிக்குப் பின்னால் மறைந்துபோன ஒரு ரைடு படமும்தான். பூங்காவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இதே விற்பனை முறை பல இடங்களில் இருப்பதால், பெயரைக் காட்டிலும் முறையைத் தெரிந்துகொள்வதே மற்றவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நுழைவுச் சீட்டைக் காட்டி உள்ளே போனதும் ஓர் ஊழியர் எங்களை வழிமறித்துப் பச்சைத் திரைக்கு முன் வரிசையாக நிற்கவைத்தார். வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் நடக்கிறது என்பதால் நாங்களும் நின்றோம். அடுத்த மேசையில் இருந்தவர், எங்களுக்குப் பின்னால் ஒரு கோட்டையை ஒட்டவைத்த அந்தப் படத்தைத் திரையில் காட்டிக்கொண்டே, "எல்லா ரைடுகளிலும் எடுக்கும் படங்கள் இதில் அடங்கும், மேடம். தனித்தனியாக வாங்கினால் இதைவிட அதிகமாகும்" என்றார். அந்த வாக்கியத்தை நம்பித்தான் அத்தான் பணம் கட்டினார். பணம் கட்டிய பிறகே கையில் கொடுத்த அட்டையின் பின்புறத்தில், கேமரா பொருத்தப்பட்ட ரைடுகளுக்கு மட்டுமே இது செல்லும் என்றும், படம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றும், கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்றும் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. விற்பதற்கு முன் வாயால் சொன்னதும், விற்ற பிறகு அட்டையில் தந்ததும் இரண்டு வேறு சரக்குகள்.

இந்தப் படங்கள் எடுக்கப்படும் விதம் தெரிந்தால், பிரச்சினை எங்கே முளைக்கிறது என்பது விளங்கும். தடத்தின் ஓரிடத்தில் உள்ள சென்சாரை வண்டி கடக்கும்போது கேமராவும் ஃபிளாஷும் இயங்குகின்றன; வண்டி பெரிய சரிவில் விழும் இடமாகப் பார்த்து அதை வைப்பது வழக்கம், ஏனென்றால் முகங்கள் அங்கேதான் விற்பனைக்குரிய வடிவத்தை எடுக்கின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டரைக் கடந்துவிடும் என்பதால், ஒரு சுற்றுக்கு ஒரு படம்தான் கிடைக்கும். அந்தக் கணத்தில் முன்வரிசையில் இருப்பவர் கையை உயர்த்தினாலோ, தலையைத் திருப்பினாலோ, வேறு எதையாவது நீட்டினாலோ, பின்வரிசைக்காரருக்கு மறுவாய்ப்பு இல்லை. வண்டி நிலையத்துக்குத் திரும்பி நாம் படியிறங்குவதற்குள் படம் கவுன்ட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தகாத படங்களை ஊழியர் விலக்கிய பிறகு மீதமுள்ளவை எண்ணிட்டுத் திரையில் வருகின்றன. ஆக, நாம் விலை கொடுத்து வாங்கும் இந்தப் பொருளின் தரம், நமக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் நடத்தையைப் பொறுத்தது. இதை விற்பவர்கள் நன்றாக அறிவார்கள், சொல்வதில்லை.

எங்களுக்கு நேர்ந்தது அதுதான். அக்காவின் மகள் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறுவதற்கு வெகுநேரம் தயங்கி, கடைசியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பேக்கேஜை வாங்கியதற்கே அந்த ஒரு படம்தான் காரணம் என்று சொல்லலாம். அவர்கள் உட்கார்ந்த பெட்டியில் முன்வரிசையில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வரிசையில் நிற்கும்போதே அதைப் பற்றித்தான் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்து திரையைப் பார்த்தால், முந்தைய பெட்டியின் படமும் பிந்தைய பெட்டியின் படமும் இருந்தன, இவர்களுடையது இல்லை. கவுன்ட்டரில் கேட்டபோது, "முன்னால் இருந்தவர்கள் ஆபாசமாகச் சைகை காட்டியிருக்கிறார்கள், மேடம். அந்தப் படத்தை நீக்கிவிட்டோம்" என்று பதில் வந்தது. பின்வரிசையை மட்டும் வெட்டி எடுத்துத் தரலாமே என்று அத்தான் கேட்டார். ஒரு பெட்டிக்கு ஒரு படம்தான், அதை வெட்டித் தரும் வசதி தங்களிடம் இல்லை என்றார்கள். அப்படியானால் வரிசையில் நிற்காமல் இன்னொரு முறை ஏற்றிவிடுங்கள் என்றோம். அது ரைடு பிரிவின் வேலை, புகைப்படப் பிரிவுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார்கள். அந்த இளைஞர்களிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா என்று அக்கா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவே இல்லை. பேருந்தில் ஒருவர் சீட்டு எடுக்கவில்லை என்பதற்காக, சீட்டு எடுத்த பக்கத்து இருக்கைக்காரரையும் சேர்த்து இறக்கிவிடுவது போன்ற நியாயம் இது.

படத்தை நீக்கியதை நான் குறை சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1989இல் திறக்கப்பட்ட ஸ்பிளாஷ் மவுன்டன் என்ற நீர்ச்சரிவு ரைடில், கேமரா இருக்கும் இடத்தை அறிந்த சிலர் மேலாடையை விலக்கிக் காட்டுவது ஒரு காலத்தில் பெருகி, அந்த ரைடுக்கு ஃபிளாஷ் மவுன்டன் என்ற கேலிப் பெயரே ஏற்பட்டது. அத்தகைய படங்கள் இணையத்திலும் வெளியாயின. படங்களை ஊழியர்கள் முன்னதாகப் பார்த்து வடிகட்டுவதன் தேவை அப்படிப்பட்ட நடத்தையிலிருந்துதான் வருகிறது. குழந்தைகள் நிற்கும் இடத்தில் அத்தகைய படத்தைத் திரையில் காட்டாமல் இருப்பது சரியான காரியமே. என் புகார் வேறு. வடிகட்டுவது நிர்வாகத்தின் விதி. அந்த விதியால் ஒன்றும் செய்யாத பயணி தன் படத்தை இழந்தால், அந்த இழப்பை ஈடுகட்டுவதும் நிர்வாகத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும். முன்கூட்டியே பணம் வாங்காத இடத்தில் இந்தக் கேள்வி எழாது. படம் இல்லையென்றால் வாங்கமாட்டோம், அவ்வளவுதான். பேக்கேஜ் என்று வந்தபின் படமில்லாத நட்டம் முழுவதும் வாங்கியவர் தலையில் வந்து விழுகிறது.

இரண்டாவது ஏமாற்றம் கியூஆர் கோடு பற்றியது. அட்டையில் உள்ள அந்தக் கோடை ஒவ்வொரு ரைடின் கவுன்ட்டரிலும் இறங்கிய உடனேயே காட்டிப் படத்தைச் செயலியில் உள்ள நம் கணக்கில் சேர்க்க வேண்டுமாம். படங்கள் தாமாகவே கணக்கில் வந்து விழும் என்று நாங்கள் எண்ணியதற்குக் காரணம், விற்றவர் அப்படித்தான் சொன்னார் என்பதே. அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2013இல் வந்த மேஜிக்பேண்ட் போன்ற கைப்பட்டைகளில், அதை அணிந்திருப்பவர் ரைடில் போகும்போதே கருவி அடையாளம் கண்டு படத்தைக் கணக்கில் சேர்த்துவிடும் ஏற்பாடு உண்டு. வெறும் காகித அட்டையில் அது நடக்காது. சுழல் ரைடு ஒன்றில் இறங்கியபின் அம்மாவுக்குத் தலை சுற்றியதால் சற்று நேரம் உட்காரவைத்துவிட்டுப் போனோம். அதற்குள் எங்கள் படம் புதிய படங்களுக்கு வழிவிட்டு அழிந்துவிட்டது என்றார்கள். வேறொரு ரைடில் அன்றைக்குக் கேமராவே இயங்கவில்லை. அதை அறிவிக்கும் பலகை நுழைவாயில் மேசையில் இல்லை. ரைடின் வெளிவாசலில், ஏறி இறங்கியவர்கள் மட்டும் பார்க்கும் இடத்தில் இருந்தது.

அம்மாவின் முகத்தை மறைத்த கைப்பேசிக்கு வருகிறேன். நீர் ரைடில் முன்னால் இருந்தவர் தன் பயணத்தைத் தானே காணொளியாக எடுப்பதற்காகக் கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். கைப்பேசிகளை வெளியே எடுக்கக் கூடாது என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது, பாதுகாப்புக் கம்பிகளைச் சோதித்துக்கொண்டு வந்த ஊழியர் அதைக் கண்டும் காணாமல் போனார். இது படத்தைக் கெடுக்கும் சங்கதி மட்டுமல்ல. ஸ்பெயினின் போர்ட்அவென்சுரா பூங்காவில், மணிக்கு 134 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் ஷம்பாலா கோஸ்டரில், 2019இல் ஒருவர் கையிலிருந்து நழுவிய கைப்பேசியைப் பின்னால் இருந்த பயணி ஓடும் வண்டியிலேயே எட்டிப் பிடித்த காணொளி உலகமெங்கும் சுற்றியது. எல்லாரும் கைதட்டினார்கள், பிடிக்காமல் விட்டிருந்தால் அது யார் முகத்தில் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் சீடர் பாயின்ட் பூங்கா அதே ஆண்டு ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்ற கோஸ்டரின் வரிசைக்குள்ளேயே கைப்பேசி கொண்டுவருவதைத் தடைசெய்தது. டிஸ்னி பூங்காக்கள் 2015இலேயே செல்ஃபி ஸ்டிக்குகளை வாசலிலேயே நிறுத்திவிட்டன. விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்த முடியும் என்பதற்கு இவை சான்று. முடியாது என்று சொல்லும் நிர்வாகம் விரும்பவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சக பயணிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கைகளை உயர்த்திக் கூச்சலிடுவது ரைடின் இன்பத்தில் ஒரு பகுதி, அதை யாரும் விடச் சொல்லவில்லை. கேமராவின் இடத்தில் மட்டும் கைகளைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டால் பின்னால் இருக்கும் முகங்கள் தப்பும். உயரமானவர்கள் முன்வரிசையையே கேட்டு வாங்கும்போது, பின்னால் குழந்தை இருந்தால் இடம் மாற்றிக்கொள்ள முன்வருவது நல்லது; எந்த வரிசை என்பதை ஊழியர்தான் தீர்மானிப்பார் என்றாலும், கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. கவுன்ட்டர் திரையில் வரும் மாதிரிப் படத்தைக் கைப்பேசியால் படமெடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவதைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம் உண்டு. அது விற்பனைப் பொருள் என்பது உண்மை. அதே சமயம், என்னைக் கேட்காமல் என் முகத்தைப் படமெடுத்து எல்லார் பார்வைக்கும் மாட்டிவிட்டு, நான் அதைப் பார்த்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மிரட்டுவது எனக்கு அவ்வளவு எளிதில் செரிக்கவில்லை. மற்றவர்களின் படத்தை அப்படி எடுத்துப் பரப்புவதோ ஐயத்துக்கு இடமின்றித் தவறு.

முகம் என்றதும் இன்னொன்று. கணக்குத் தொடங்கும்போது குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரின் செல்ஃபியையும் பதிவேற்றினால், முகத்தை வைத்தே படங்களைத் தேடித் தந்துவிடுவோம் என்று செயலி கேட்டது. மகளின் முகத்தைத் தர அக்கா மறுத்துவிட்டாள். அவள் செய்தது சரி. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், பருவம் முழுவதும் பூங்காவுக்குள் போய்வருவதற்கான பருவச் சீட்டுக்காக ஒரு பதினான்கு வயதுச் சிறுவனின் கட்டைவிரல் ரேகையைச் சட்டப்படியான ஒப்புதல் இல்லாமல் எடுத்ததாக சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற பூங்கா நிறுவனத்தின் மீது தாய் தொடுத்த வழக்கில், வேறு பாதிப்பு எதையும் காட்டாமலேயே வழக்குத் தொடரலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, அடையாளம் காணக்கூடிய ஒருவரின் புகைப்படம் தனிநபர் தரவாகவே கருதப்படும். அதன் நகலையும், குறிப்பிட்ட சூழல்களில் அதன் நீக்கத்தையும் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு பேக்கேஜுக்காகக் குழந்தையின் முகத்தை அளந்து கொடுப்பதற்கு முன், அது எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பேக்கேஜ் வேண்டும் என்றால், பணம் கட்டுவதற்கு முன் மேசையில் இருப்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இன்று எந்தெந்த ரைடுகளில் கேமரா இயங்குகிறது, படம் தானாகக் கணக்கில் சேருமா அல்லது நாம்தான் போய்க் காட்ட வேண்டுமா, எவ்வளவு நேரத்துக்குள் காட்ட வேண்டும், வேறொருவரின் செயலால் படம் நீக்கப்பட்டால் எங்களுக்கு என்ன கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். இறங்கி வந்து திரையில் படத்தைப் பார்த்தபின் ஒற்றைப் படமாக வாங்குவது, கணக்குக்கு விலை கூடினாலும் நட்டமில்லாத வழி. பதிலைப் பெற்றுக்கொண்டவர்கள் அட்டையின் இருபுறத்தையும் விலைப் பலகையையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "எல்லா ரைடுகளும்" என்ற எழுத்து பலகையில் பெரிதாக இருந்ததை நான் அப்படி எடுத்து வைத்திருந்தேன். பிறகு அந்தப் பூங்காவின் இணையப் பக்கத்தில் அந்தச் சொற்கள் "தேர்ந்தெடுத்த ரைடுகள்" என்று மாறியிருப்பதைக் கண்டபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

புகார் மின்னஞ்சலுக்கு முதலில் தானியங்கிப் பதிலும், பிறகு வருத்தம் தெரிவிக்கும் ஒரு கடிதமும் வந்தன. கடிதத்துடன், அடுத்த முறை வரும்போது பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு தள்ளுபடிக் கூப்பன் இணைத்திருந்தார்கள். அதே புகைப்பட பேக்கேஜை வாங்கினால் மட்டும் அது செல்லுமாம். அத்தான் அதை மறுத்து, விற்கும்போது சொன்னபடி சேவை தரப்படவில்லை என்ற காரணத்தைக் காட்டி, கார்டு வழங்கிய வங்கியில் பணத்தைத் திரும்பக் கோரியிருக்கிறார். பலகையின் படத்தையும் அட்டையின் படத்தையும் ஆதாரமாக இணைத்திருக்கிறோம். வங்கி பூங்காவிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. அவர்கள் இன்னும் பதில் தரவில்லை.