மாடியில் 3 கிலோவாட் சோலார்: 500 யூனிட் தாண்டாத வீட்டுக்கு வேண்டாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உங்கள் வீட்டு ஈபி கணக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுவதில்லை என்றால் சோலார் போடாதீர்கள், யார் எவ்வளவு மானியம் சொன்னாலும் சரி. எண்ணூறு, ஆயிரம் என்று ஓடுகிற வீடு, மாடியில் நிழல் விழாத இடமும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் ஆன்-கிரிட் சிஸ்டம், அதாவது பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைந்தது, ஓடுகிறது. ஒரு முழுக் கோடையையும் ஒரு ஐப்பசி மழையையும் அது பார்த்துவிட்டது, அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஏன் 500? நம் ஊர் கட்டணம் அப்படி. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம், அடுத்த நூறு பாதி விலை, அதற்கு மேல் 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்கும் கீழே. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும், அப்புறம் யூனிட் விலை 8, 9, 10 என்று ஏறிக்கொண்டே போய் ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாயையும் தாண்டும். 2024 ஜூலையில் ஏறிய கட்டணப்படி பார்த்தால் 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 1,200 ரூபாய்கூட வராது, 900 யூனிட் ஓடும் வீட்டுக்கோ சுமார் 5,900 ரூபாய். சோலார் விற்க வருகிறவர் இதையெல்லாம் பேசமாட்டார். "யூனிட்டுக்கு எட்டு ரூபாய் மிச்சம் சார்" என்று ஒரே விலையைப் போட்டு எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கைக் காட்டுவார்.

நம் கணக்கை நாமே போட்டுவிடலாம். நம் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருடச் சராசரியில் ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். 400 யூனிட் வீட்டில் இதைப் போட்டால் பில் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும், ஆனால் மிச்சமாவது அந்த 1,200 ரூபாய்தான், வருடத்துக்கு ஏழாயிரம் சொச்சம். மானியம் போகக் கையிலிருந்து எண்பதாயிரம் போட்டிருப்பீர்கள். போட்ட பணம் திரும்பப் பதினோரு வருடம் ஆகும், அதற்குள் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம். இதற்கு அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

900 யூனிட் வீட்டில் கதை வேறு. சோலார் வெட்டுவது மேல் தட்டில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகளை. அதே 2 கிலோவாட், ஈபியிலிருந்து எடுக்கும் நிகர அளவை (எடுத்ததில் நாம் கொடுத்ததைக் கழித்தது) 420-க்கு இறக்கிவிடும், பில் 1,300 ரூபாய்க்கு வந்துவிடும். ஒவ்வொரு பில்லிலும் நாலாயிரத்து அறுநூறு மிச்சம். மூன்றாவது கிலோவாட்டையும் போட்டால் கூடுதலாக மிச்சமாவது ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே. அதாவது முதல் இரண்டு கிலோவாட் மூன்று, மூன்றரை வருடத்தில் காசை எடுத்துவிடும், மூன்றாவது கொஞ்சம் மெதுவாகத்தான் எடுக்கும். இரண்டாவது ஏசி வரப்போகிறது, மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறோம் என்றால் மட்டும் மூன்று போடுங்கள். எங்கள் வீட்டில் அந்த எண்ணம் இருந்தது, அதனால் மூன்று.

விலைக்கு வருவோம். 3 கிலோவாட்டுக்கு எனக்கு வந்த கொட்டேஷன்கள் 1,85,000-இல் தொடங்கி 2,20,000 வரை போயின. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அதே 78,000-தான், ஆகவே "ஐந்து கிலோவாட்டாகப் போட்டுவிடுங்கள்" என்று சொல்பவரிடம் ஜாக்கிரதை. மானியம் விலையில் கழியாது, முழுப் பணத்தையும் கட்டி, ஈபியிலிருந்து எடுப்பதையும் ஈபிக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் நெட் மீட்டர் மாட்டி, சிஸ்டம் ஓடத் தொடங்கிய பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். உள்நாட்டு செல்லில் செய்த டிசிஆர் பேனலாக இருந்தால்தான் அதுவும் கிடைக்கும், கொட்டேஷனில் அந்த வார்த்தை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் சோலார் பொருட்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, பழைய வரியை வைத்தே விலை சொன்னால் கேளுங்கள். இன்னொன்று, ஈபி இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் முதல் வேலை பெயர் மாற்றம்தான்.

பொருத்தியவர்களைப் பற்றி: பேனல் நன்றாக இருக்கிறது, இன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது, ஆள்தான் சரியில்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். துத்தநாகம் தோய்த்த ஜிஐ ஸ்டாண்ட் என்று பேசிவிட்டு, சாதாரண இரும்புக் குழாயில் சில்வர் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். சுரண்டிக் காட்டிய பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். இன்வெர்ட்டரை மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவரில் மாட்டப் பார்த்தார்கள், சண்டை போட்டுப் படிக்கட்டு அறைக்குள் மாட்ட வைத்தேன். பேனல் 25 வருடம் ஓடும் பொருள், அதைத் தாங்கும் கம்பி ஐந்து வருடத்தில் துருப்பிடித்தால் என்ன பிரயோஜனம்? சென்னை, தூத்துக்குடி போலக் கடல் காற்று அடிக்கிற ஊர்க்காரர்கள் இதில் ஒரு பைசாகூடச் சிக்கனம் பார்க்கக் கூடாது. வர்தா மாதிரி ஒரு புயல் வந்தால் ஸ்டாண்டோடு பேனல் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும்.

இப்போது எல்லோரும் ஏமாறுகிற இடம். கரண்ட் போனால் சோலாரும் போய்விடும், உச்சி வெயிலில் பேனல் பளபளத்துக்கொண்டிருந்தாலும் வீட்டில் ஃபேன் சுற்றாது. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும்படி செய்யப்பட்டது. இது கோளாறு இல்லை, ஆனால் விற்கும்போது யாரும் சொல்வதில்லை. எங்கள் அம்மாவுக்கு இன்றுவரை இது சமாதானமாகவில்லை.

உற்பத்தி எப்படி? அக்னி நட்சத்திரத்தில் அள்ளிக் கொட்டும் என்று நினைப்போம், அப்படி இல்லை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எங்களுக்கு நல்ல நாட்கள் மாசியிலும் பங்குனியிலும் வந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள் முழுக்க இரண்டு மூன்று யூனிட்டோடு நின்ற நாட்களும் உண்டு. ஏசி அதிகம் ஓடாத மாதங்களில் மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குப் போய்ச் சேரும்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை, தூசி துடைப்பதுதான். ஆனால் போர் தண்ணீரில் கழுவாதீர்கள். எங்கள் பகுதித் தண்ணீரின் உப்பு காய்ந்து கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது, அப்புறம் அது போவதே இல்லை. நல்ல தண்ணீரில், காலை வெயில் ஏறுவதற்கு முன் கழுவுவது உத்தமம். பேனலுக்கு அடியில் புறா கூடு கட்டும், வலை அடிக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டை ஆள் நிற்கும் உயரத்தில் போட்டால் காசு கூட ஆகும்தான், ஆனால் வடாம் காயவைக்கவும் துணி உலர்த்தவும் மாடி மிஞ்சும். 3 கிலோவாட் முந்நூறு சதுர அடியை அடைத்துக்கொள்ளும் என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியோ பக்கத்துத் தென்னையோ மதியம் நிழல் போடுகிற இடமென்றால் இந்தக் கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

கீழே ஒரு மீட்டர், மாடியில் ஒரு மீட்டர் என்று இருக்கும் வீடுகளில் ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். இரண்டும் 400, 450 என்று ஓடினால் இரண்டுக்கும் சோலார் தேவையில்லை, ஏற்கெனவே இரண்டு இலவச நூறு கிடைத்துக்கொண்டிருக்கிறது. அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் தனியாளாகப் போடுவது கஷ்டம். லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்காகச் சங்கமாகச் சேர்ந்து போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு.

பேட்டரி வைத்த ஹைப்ரிட் சிஸ்டம் எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மின்வெட்டு அடிக்கடி வருகிற ஊராக இருந்தால் யோசிக்கலாம். மதுரைக்குள் அரை மணி, ஒரு மணி நேர வெட்டுக்கு எங்கள் பழைய யுபிஎஸ் பேட்டரியே போதுமாக இருக்கிறது, அதற்காக இன்னொரு லட்சம் போட எனக்கு மனசு வரவில்லை.