நிரந்தர ஏ.எஃப். உள்ளவருக்கு வாக்கிங்கா, சைக்கிளா?

எனக்கு ஆறு வருஷமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.), அதாவது இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் கோளாறு. துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவரும் முயற்சியை விட்டுவிட்டு, மாத்திரையால் வேகத்தை மட்டும் அடக்கி வைத்திருக்கிறார்கள். இதைத்தான் நிரந்தர ஏ.எஃப். என்கிறார்கள். உடற்பயிற்சி கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. "தினமும் அரை மணி, பேச முடிகிற அளவுக்கு" என்றார். இரண்டு வருஷம் காலையில் நடந்தேன். இப்போது ஒரு வருஷமாக வீட்டில் எக்சர்சைஸ் சைக்கிள்.

வாக்கிங்குக்குச் செலவில்லை, நாலு முகம் பார்க்கலாம். சைக்கிள் இடத்தை அடைக்கும், சுவரைப் பார்த்துத்தான் மிதிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்ததே.

என்னை மாற்றியது வேறு: எவ்வளவு உழைக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே சீராக நடக்கும்போதே கைக்கடிகாரம் துடிப்பு 96 என்று காட்டும், அடுத்த பார்வையில் 141, பிறகு 88. ஏ.எஃப்.பில் சில துடிப்புகள் மணிக்கட்டுவரை வந்து சேராத அளவுக்குப் பலவீனமானவை. போதாததற்கு, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை வேறு. அதிகபட்சத் துடிப்பைக் கணிக்க 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கெல்லாம் நமக்கு உதவாது. நடையிலோ மேடு, வெயில், கூட வருபவரின் வேகம் என்று தினம் ஒன்று மாறும்.

சைக்கிளில் மிதிக்கும் சுமையைக் கூட்டிக் குறைக்கும் திருகு 3-இல், நிமிடத்துக்கு 60 சுற்று. நேற்றும் அதே சுமை, இன்றும் அதே சுமை. போன கார்த்திகையில் ஒருநாள் அந்த 3-லேயே பத்து நிமிடத்தில் பேச்சு அறுந்தது. நிறுத்தினேன். மறுநாளும் அப்படியே. டாக்டரிடம் போனால், உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 110-க்கு மேல். மாத்திரை அளவை மாற்றினார். நடைப்பயிற்சியாக இருந்தால் பனிக்காற்று என்று விட்டிருப்பேன்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதால் விழுவதும் பயம். நடைபாதைக் கல் தடுக்கி முழங்காலில் பட்ட அடி மூன்று வாரம் கறுத்தே கிடந்தது.

2011-இல் டென்மார்க்கில் நிரந்தர ஏ.எஃப். உள்ள 49 பேரை வைத்து நடந்த 12 வார ஆய்வில், பயிற்சி செய்தவர்களின் உடல்திறன் கூடியது. நார்வேயில் 2016-இல் வெளியான ஆய்வு, நான்கு நான்கு நிமிடமாக இடைவெளி விட்டு வேகமாகச் செய்யும் பயிற்சியைப் பற்றியது; ஏ.எஃப். இருந்தும் அது நிரந்தரமாகாதவர்களை வைத்து நடந்தது. அதனால் நான் அதைத் தொடவில்லை. யோகாவில் மூச்சுப்பயிற்சி மட்டும்தான் எனக்குப் பழக்கம், ஒப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு அனுபவமில்லை. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு எது நல்லது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நெஞ்சு வலித்தாலோ கண் இருட்டினாலோ எதுவானாலும் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்ற நாட்களில் சட்டென்று இறங்காமல் கடைசி ஐந்து நிமிடம் திருகு 1-இல் மிதியுங்கள்.

வாங்குவதானால் காந்தத் தடை உள்ள சைக்கிளாகப் பாருங்கள். சக்கரத்தில் பட்டை உரசும் வகை விலை குறைவுதான், ஆனால் பட்டை தேயத் தேய இந்த மாதத்து 3 போன மாதத்து 3 ஆக இருக்காது.