பழைய ஜீப்புக்கு எந்த ஹீட் மீட்டர்?

என்னிடம் இருப்பது 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. பெஜோ வழி வந்த 2112 சிசி டீசல் என்ஜின், மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் என்று ஒன்றும் கிடையாது. ஆகவே வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி மொபைலில் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் வசதி நமக்கு இல்லை. புது வண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மாதம் இரண்டு மூன்று தடவை காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறுவேன். 70 கொண்டை ஊசி வளைவு, பாதிக்கு மேல் இரண்டாவது கியர்தான். போன வருடம் ஒருநாள் மதியம், நாற்பதாவது வளைவைத் தாண்டியதும் ரேடியேட்டர் கீழ் ஹோஸ் பிளந்துவிட்டது. ஆறு வருடமாக மாற்றாத ஹோஸ், என் தப்புதான். ஆனால் டேஷ்போர்டு மீட்டரைப் பார்க்காமல் ஓட்டவில்லை, பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். நடுவில் நின்ற முள் லேசாக மேலே போனது, அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கியது. பரவாயில்லையே, மலைக்காற்றுக்கு வண்டி ஆறுகிறது என்று நினைத்து இன்னும் நாலைந்து வளைவு ஏற்றிவிட்டேன். இழுவை செத்து, பெயின்ட் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட், ஹெட்டைச் சமமாகத் தேய்க்கும் ஃபேசிங், வண்டியை இறக்கிய வாடகை எல்லாம் சேர்த்து 27 ஆயிரம்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். இப்போது வண்டியில் நிலைத்திருப்பது ஹெட்டில் போல்ட் போட்டு மாட்டுகிற சென்ஸாரும் ஒரு பஸ்ஸரும். நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வண்டியோடு வந்த மீட்டர். செலவில்லை, பார்க்கவும் அழகு, தினசரி ஓட்டத்துக்கு அது போதும். ஃபேன் பெல்ட் தளர்ந்தாலோ ரேடியேட்டர் அடைத்தாலோ தண்ணீர் உள்ளே இருக்கிற வரைக்கும் சரியாகவே காட்டும். எண் கிடையாது, சி என்றும் எச் என்றும் இரண்டு எழுத்துதான், நடு என்பது 80 டிகிரியா 95 டிகிரியா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் ‘வண்டி கூலாக ஓடும்’ என்று, என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றிப் போட்டுவிடுகிற பழக்கம் வேறு இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் முள் எப்போதும் கீழேயே கிடக்கும், சூடு ஏறத் தொடங்கும்போது அது நடுவுக்குத்தான் வரும், நாமும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்தது கேப்பிலரி மீட்டர். பழைய டிராக்டர்களில் பார்த்திருப்பீர்கள், மெல்லிய செம்புக் குழாய் ஒன்று என்ஜினிலிருந்து மீட்டர் வரை வரும், உள்ளே அடைத்திருக்கிற திரவம் ஆவியாகி அழுத்தத்தால் முள்ளைத் தள்ளும். பேட்டரி வேண்டாம், எர்த் பிரச்சினை இல்லை, டிகிரி எண்ணிலேயே காட்டும். டிராக்டர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைத்தது. மரை பொருந்தாமல் லேத்தில் கொடுத்து அடாப்டர் கடைந்துதான் மாட்டினேன். நான்கு மாதம் நன்றாக உழைத்தது. பிறகு என்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டு (ஃபயர்வால்) ஓட்டையில் குழாய் உரசி உரசித் தேய்ந்து ஒருநாள் முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. குழாய் உடைந்தால் ஒட்டவைக்கவெல்லாம் முடியாது, முழு மீட்டரையும் மாற்ற வேண்டியதுதான்.

தனியாக வாங்கி மாட்டும் எலக்ட்ரிக் மீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி மீட்டருக்கு என்ன குணமோ அதே குணம், எண் மட்டும் கூடுதல்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு சங்கதி இருக்கிறது, எனக்கு முடிவை எடுக்க வைத்தது அதுதான். மீட்டர் கெட்டுப்போனால் எந்தப் பக்கம் பொய் சொல்லும்? வண்டி மீட்டரின் சென்ஸார் என்டிசி வகை, சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஒயர் அறுந்தால் தடை எக்கச்சக்கம், அதாவது ‘வண்டி ஜில்லென்று இருக்கிறது’. ஒற்றை ஒயர் சென்ஸாருக்கு அதன் மரைதான் எர்த். அந்த மரை துருப்பிடித்தாலோ, கசிவை அடைக்கிறேன் என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினாலோ, அப்போதும் குறைவாகத்தான் காட்டும். கேப்பிலரி உடைந்தால் அதுவும் அடியில்தான். எல்லாவற்றையும் விட மோசம் தண்ணீர் போய்விடுவது. சென்ஸார் உட்கார்ந்திருப்பது தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கத்தில், கூலிங் பாதையிலேயே உயரமான இடங்களில் ஒன்று. மட்டம் இறங்கினால் முதலில் காய்வது அதுதான். சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் சூடு அதற்கு ஒழுங்காகப் போய்ச் சேரும், வெறும் காற்றில் தொங்கினால் சேராது. ஆக, என்ஜின் வெந்துகொண்டிருக்கிற அதே நேரத்தில் முள் இறங்கும். அன்றைக்கு மலையில் நடந்தது இதுதான். மீட்டர் கெடவே இல்லை, அது இருந்த இடத்தில் இருந்த சூட்டைத்தான் சொன்னது.

ஹெட்டில் மாட்டுகிற சென்ஸாருக்குத் தண்ணீர் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அது உலோகத்தின் சூட்டைத்தான் பார்க்கிறது, நமக்குப் பயமும் உலோகத்துக்கு என்ன ஆகிறது என்பதுதானே. ஆஸ்திரேலியாவில் லேண்ட் குரூஸர்காரர்கள் இதற்கென்றே அலாரத்தோடு செய்த யூனிட் வாங்கி மாட்டுகிறார்கள். இறக்குமதி செலவை யோசித்து நான் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற, சூட்டை அளந்து சுவிட்ச் போடும் டபிள்யூ 1209 போர்டு ஒன்றை வாங்கினேன், கோழிக்குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டரில் போடுவார்களே, அதேதான். கூடவே வளைய முனை வைத்த 10 கிலோ ஓம் என்டிசி சென்ஸார் ஒன்று. கூலிங் மோடில் வைத்தால் குறித்த சூட்டைத் தாண்டியதும் ரிலே என்கிற மின் சுவிட்ச் சேரும், ரிலேவில் ஒரு பஸ்ஸர், அவ்வளவுதான்.

இதிலும் என்டிசிதான், ஆனால் ஒயர் அறுந்தால் போர்டில் ‘எல்எல்எல்’ என்று வரும். 110 டிகிரிக்கு மேல் அளக்காது, தாண்டினால் ‘எச்எச்எச்’. அந்த நிலைக்குப் போன பிறகு சரியான எண் தெரிந்து என்ன ஆகப்போகிறது. 110க்கு மேலும் எண் வேண்டுமென்றால் இரண்டு வகை உலோக ஒயர் சேர்ந்த சென்ஸாரான கே வகை தெர்மோகப்பிள் வைத்த மீட்டர் பார்க்கலாம். ஆனால் அதன் ஒயரைச் சாதாரணச் செம்பு ஒயர் கொண்டு நீட்டினால் ரீடிங் தப்பிவிடும், அதே வகை ஒயர்தான் போட வேண்டும்.

மாட்டும்போது நான் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் போர்டை நேரடியாக பேட்டரி ஒயரில் கொடுத்தேன். ஓடுகிற வண்டியில் 14 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, நடுவில் திடீர் ஏற்றமும் உண்டு, இரண்டே வாரத்தில் போர்டு போய்விட்டது. இப்போது நடுவில் வோல்ட்டைச் சீராக்க ஒரு சின்ன கன்வர்ட்டரும் ஃப்யூஸும் இருக்கின்றன. சென்ஸாரை எந்தக் காரணத்துக்காகவும் ஹெட் போல்ட்டின் அடியில் கொடுக்கக் கூடாது, அந்த போல்ட்டின் இறுக்க அளவு (டார்க்) கெட்டுப்போகும். என்ஜினைத் தூக்குவதற்கென்று கொக்கி இருக்குமே, அதன் போல்ட்டில் போட்டேன். புகை வெளியேறும் சைலன்ஸர் மேனிஃபோல்டுக்கு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி.

மாட்டியதும் அலாரத்தை எதிலாவது வைத்துவிடாதீர்கள், இரண்டு வாரம் சும்மா எண்ணை மட்டும் பாருங்கள். என் வண்டி சமவெளியில் 84 முதல் 88, மலையேற்றத்தில் 96 வரை போகும். 103இல் வைத்திருக்கிறேன். மேலே 1200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், என்ஜினுக்குள் கொதிக்காமல் இருப்பது ரேடியேட்டர் மூடி பிடித்து வைக்கிற அழுத்தத்தாலும் கூலன்டாலும்தான். மூடி ரப்பர் வெடித்திருந்தால் எந்த அலாரமும் உதவாது, அதை முதலில் மாற்றுங்கள்.

குறையும் உண்டு. என்ஜினை நிறுத்தியதும் தண்ணீர் சுழற்சி நின்று ஹெட் சூடு இன்னும் சில டிகிரி ஏறும், மலைமேல் செம்மேட்டில் டீ குடிக்க நிறுத்திவிட்டு சாவியை முழுக்கத் திருப்பாமல் இறங்கினால் பஸ்ஸர் கத்தி ஊரைக் கூட்டிவிடும். எனக்கு இரண்டு தடவை ஆகிவிட்டது.

தண்ணீர் மட்டம் குறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்றும் உண்டு. மேல் ஹோஸில் ஒரு முனை, தண்ணீர் அதைத் தொடாவிட்டால் சத்தம். சூடு ஏறும் முன்பே சொல்லிவிடும் என்பதால் யோசனை என்று பார்த்தால் இதுதான் எல்லாவற்றையும் விட நல்லது. ஆனால் மூன்று மாதம்தான் ஓட்டினேன், அதிலும் மேடு பள்ளத்தில் தண்ணீர் குலுங்கியதற்கே பல தடவை கத்தியது. சில நொடி தாமதித்துக் கத்தும்படி ஒரு டைமர் போட்டால் சரியாகலாம். இந்த மழைக்காலம் முடிந்ததும் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும், அதுவரை ஹோஸில் அந்த முனை இருந்த ஓட்டையை ஒரு ரப்பர் பிளக் போட்டு அடைத்து வைத்திருக்கிறேன்.