தகர ஷீட்டா, சிமெண்ட் ஷீட்டா, ஓடா: சித்திரைக் காற்றுக்கு எது நிற்கும்?

அக்கா மகன் ஓக்லஹோமாவில் இருக்கிறான். மே மாதம் வந்தால் அவனுக்கு அங்கே டொர்னாடோ பயம், எங்களுக்கு இங்கே கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கம் கோடைக்காற்று பயம். "நாங்க ஜன்னலே இல்லாத உள்ரூமுக்குள்ள போயிடுவோம். நீங்க எங்க போவீங்க மாமா?" என்று வீடியோ காலில் கேட்டான். நான் அப்போது வீட்டை ஒட்டி இறக்கிய சார்ப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் தகர ஷீட், அதன் மேல் நாலு கல்.

இரண்டு காற்றும் ஒன்றல்ல. டொர்னாடோ மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழல்வது. அதில் உச்ச வகை மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும். அவன் ஊர்ப் பக்கம் மூர் என்ற இடத்தில் 2013 மே 20 அன்று அப்படி ஒன்று வந்து 24 பேர் இறந்தார்கள். நம்முடையது இடிமேகத்திலிருந்து குளிர்ந்து விழும் காற்று. தரையில் மோதி நேராக ஓடும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் ஒரு ஷீட் பிய்ந்து பறக்க அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

சரி, கூரைக்கு வருவோம். 100 கிலோமீட்டர் வேகக் காற்று 10-க்கு 10 அடி சார்ப்பைத் தோராயமாக 400 கிலோவுக்கு மேல் மேலே இழுக்கும். அந்த அளவுக்குப் போட்ட தகர ஷீட்டின் எடை 50 கிலோகூட வராது. சிமெண்ட் ஷீட் 130 கிலோ வரலாம். ஓடு கிட்டத்தட்ட 400. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் மூன்று டன்னை நெருங்கும். தளம் ஏன் அசைவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சிமெண்ட் ஷீட் தகரத்தைவிட கனம், வெயிலுக்கும் கொஞ்சம் பரவாயில்லை. அதை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். ஆனால் ஆலங்கட்டி விழுந்தால் விரிசல் விடும், விரிசல் விட்டது அடுத்த காற்றில் உடைந்து உள்ளே விழும். ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருந்தால் உடைந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்துவிட்டுத்தான் அள்ள வேண்டும். தகரம் உடையாது, பறக்கும். பறக்கும் தகரம் கத்திதான். ஓட்டில் இடுக்கு வழியாகக் காற்று கசிவதால் கூரை மொத்தமாகத் தூக்காது. ஓரத்து ஓடுகள் ஒவ்வொன்றாகச் சரியும். வெயிலுக்கு அதுதான் சுகம், ஆனால் மாற்றிப் போட ஆள் கிடைப்பது கஷ்டம்.

என்னைக் கேட்டால் தகரம்தான், ஒரு நிபந்தனையோடு: தூண்வரை இறுகப் பிடித்திருக்க வேண்டும். எங்கள் சார்ப்பில் ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஷீட்டை பைப்போடு பிடித்த ஸ்க்ரூ எல்லாம் நன்றாகவே இருந்தது. பைப்பைக் கல்காலோடு, அதாவது கல்தூணோடு, பிடித்தது வெறும் கட்டுக்கம்பி, அதுவும் துருப்பிடித்து விரலால் முறிக்கும் பதத்தில். கல்கால் நூறு வருஷம் நிற்கும். அதன் தலையில் கம்பி சுற்றிவிட்டுப் போவது நம் பக்கத்துப் பழக்கம். வெல்டரைக் கூப்பிட்டு, கல்லில் துளை போட்டு, போல்ட் வைத்து ஆங்கிளை முடுக்கினோம். காற்று அதிகம் இழுப்பது ஓரத்திலும் மூலையிலும் என்பதால் அங்கே ஸ்க்ரூவை நெருக்கி அடித்தோம். கூரைமேல் இருந்த கல் நான்கையும் இறக்கிவிட்டேன். காற்றில் முதலில் உருள்வது அதுதான்.

அடுத்து, ஆட்கள் எங்கே இருப்பது? சார்ப்பு கூடாது. புளியமரத்தடி கூடவே கூடாது, கிளையும் விழும், இடியும் இறங்கும். கார் இடிக்குப் பரவாயில்லை, விழும் மரத்துக்கு இல்லை. எங்கள் வீட்டில் மிஞ்சியது தளம் போட்ட குளியலறைதான். சின்ன அறை, ஒரே ஒரு சின்ன ஜன்னல். மருமகன் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். தலைக்கு ஹெல்மெட் போடச் சொன்னான். அம்மா சிரித்தார், ஆனால் பைக் ஹெல்மெட் இப்போது அங்கேதான் தொங்குகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று ஒரு பேச்சு உண்டு. தவறு. உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும்.

அவனுக்கு சைரன் ஊதும். நமக்கு மொபைலில் டாமினி செயலி இடியைச் சொல்லும், அம்மாவுக்கு மண்வாசனை சொல்லும். இதுவரை அம்மாதான் முந்துகிறார். ஆனால் சொன்ன கையோடு ஆட்டை அவிழ்க்க வெளியே ஓடுவதும் அவர்தான். அதனால் மேகம் கறுத்ததுமே ஆட்டைக் கட்டும் வேலை இப்போது என் பொறுப்பு.

காற்று நின்றதும்தான் பிள்ளைகளைப் பிடித்து வைக்க வேண்டும். தோப்பில் கிளிமூக்கு மாங்காய் கொட்டிக் கிடக்கும், கூடையோடு பறப்பார்கள். போன வருஷம் அந்தக் காய்களுக்கு நடுவே ஒரு மின்கம்பி கிடந்தது. மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு போன் போட்டு, லைன்மேன் வந்து பார்த்த பிறகுதான் கூடையைக் கையில் கொடுத்தேன்.