கலந்ததா, கலக்கப்பட்டதா?

டீத்தூளில் சாயம் இருக்கிறது. இன்னொரு டீத்தூளில் இரும்புப் பொடி இருக்கிறது. தமிழில் புகார் எழுதினால் இரண்டுக்கும் 'தூள் சுத்தமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால்தான் தலைவலி. அடல்டரேட், கன்டாமினேட், பொல்யூட், டெயின்ட், டிஃபைல், கரப்ட், டிபேஸ் என்று அகராதி ஒரு வரிசையையே கொண்டுவந்து நிறுத்தும். எல்லாவற்றுக்கும் பொருள் என்னவோ 'தூய்மை கெடுத்தல்'தான். குன்னூர், கோத்தகிரி பக்கம் வாங்குபவருக்கு மெயில், அதிகாரிக்கு மனு, ஆய்வகத்துக்குக் கடிதம் என்று ஆங்கிலத்தில் எழுதியே ஆகவேண்டியவர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்த அலசல்.

முதல் இரண்டு சொற்களுக்கு இடையில்தான் உண்மையான போட்டி. கழிவுத் தேயிலைக்குச் செயற்கை நிறம் ஏற்றி, நல்ல தூளோடு சேர்த்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நனைத்த வடிதாளில் அந்தத் தூளைத் தூவினால் சாயம் ஊறித் திட்டுத்திட்டாகப் பரவும். இதற்கு அடல்டரேட்தான், வேறு சொல் தேட வேண்டாம். லாபத்துக்காக ஒருவர் தெரிந்தே செய்த வேலை இது.

இரும்புப் பொடியின் கதை வேறு. டீத்தூள் தயாரிக்கும் சி.டி.சி. முறையில் பல் வைத்த ரோலர்கள் இரண்டு எதிரெதிராகச் சுழன்று இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகின்றன. நாள்பட அந்தப் பற்கள் தேயும். தேய்ந்த பொடி தூளோடு போய்விடக் கூடாது என்றுதான் ஃபேக்டரிகளில் காந்தம் வைக்கிறார்கள். அதையும் மீறிக் கொஞ்சம் தங்கும் என்பதால் ஒரு கிலோவில் இத்தனை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு தாண்டினால் அந்தத் தூள் 'கன்டாமினேட்டட்'. ஃபேக்டரிக்காரர் கவனக்குறைவாக இருந்திருக்கலாம், ஆனால் ஏமாற்றவில்லை. அதே இரும்புப் பொடியை எடை கூட்ட யாராவது அள்ளிப் போட்டிருந்தால், சொல் உடனே அடல்டரேட் ஆகிவிடும். தூளில் கிடப்பது இரண்டு இடத்திலும் இரும்புதான். அது எப்படி அங்கே வந்தது என்பதை வைத்தே சொல் மாறுகிறது.

அதனால் என் கட்சி இது: கையில் ஆதாரம் இல்லாமல் அடல்டரேட் என்று எழுதாதீர்கள். அது ஒரு குற்றச்சாட்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே உணவுக் கலப்படத் தடைச் சட்டம். அதன் இடத்துக்கு வந்த 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இரண்டையும் தனித்தனியாகத்தான் வரையறுக்கிறது. உற்பத்தி, பொதிதல், லாரியில் ஏற்றுவது, சுற்றுப்புறம் என்று ஏதோ ஒரு வழியில் உணவில் வந்து சேர்ந்ததெல்லாம் 'கன்டாமினன்ட்' கணக்கு. பூச்சித் துண்டு, எலி முடி போன்றவை அதில் சேராது, அவை 'எக்ஸ்ட்ரேனியஸ் மேட்டர்', அதாவது அந்நியப் பொருள். எலி முடிக்குக்கூடத் தனித் தலைப்பு வைத்திருக்கிறார்கள். சந்தேகம் மட்டும்தான் இருக்கிறது என்றால் கன்டாமினேட்டட் என்று எழுதி ஆய்வுக்கு அனுப்புங்கள். அறிக்கையில் சாயம் என்று வந்தபிறகு அடுத்த கடிதத்தில் சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.

அடல்டரேட்டில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. கலப்படம் செய்பவர் 'அடல்டரேட்டர்'. நடுவில் இருக்கும் 'ரேட்ட' குறுகி வெறும் 'ர' ஆகி, 'அடல்டரர்' என்று விழுந்துவிட்டால் அடுத்தவர் குடும்பத்தில் நுழைந்தவர் என்று அர்த்தம். இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை, அதனால்தான் இந்தக் குழப்பம். மனுவை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. மானநஷ்ட வழக்கு டீத்தூளுக்காக வந்தால்கூடப் பரவாயில்லை!

பாலில் தண்ணீர் சேர்ப்பதற்கு என்ன சொல்? வீட்டில் டீ போடப் பாலோடு தண்ணீர் விட்டால் 'டைல்யூட்'. அதே பாலைச் சுத்தமான பால் என்று விலை வைத்து ஊற்றினால் அடல்டரேட். மலைத்தேன் என்று சொல்லிச் சர்க்கரைப் பாகு கலந்த பாட்டிலை விற்பதும் இந்தக் கணக்குதான்.

அடுத்து பொல்யூட். தமிழில் 'மாசு' என்ற ஒரே சொல் கன்டாமினேட், பொல்யூட் இரண்டுக்கும் போதும், நமக்குச் சறுக்குவது அங்கேதான். பொல்யூட் ஆவது காற்று, ஆறு, ஏரி மாதிரிப் பெரிய, எல்லோருக்கும் பொதுவானவை. ஒரு டம்ளர் தண்ணீரையோ ஒரு மூட்டைத் தூளையோ பொல்யூட் ஆகிவிட்டது என்று யாரும் எழுதுவதில்லை. கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊரின் கழிவுநீர் போய்ச் சேரும் ஊட்டி ஏரியைப் பற்றி எழுதினால், கண்ணை மூடிக்கொண்டு 'பொல்யூட்டட் லேக்' என்று எழுதலாம். அதே ஏரியிலிருந்து ஆய்வுக்கு எடுத்த குப்பியில் ஏற்கெனவே வேறு ஏதோ ஒட்டியிருந்தால் 'கன்டாமினேட்டட் சாம்பிள்'. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆய்வகத்தில் குழம்பிப்போவார்கள்.

கொடைக்கானல் பாதரசத்தில் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வரும். தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மண் மட்டும் இங்கேயே கிடந்தது. அந்த மண்ணை ஆவணங்கள் 'கன்டாமினேட்டட் சாயில்' என்கின்றன, ஏனென்றால் அங்கே கேள்வி அளவைப் பற்றியது: ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம், 20 வரை விடலாமா கூடாதா என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. அந்தப் பாதரசம் பாம்பார் சோலைக்கும் அதன் நீருக்கும் என்ன செய்தது என்று எழுதும்போது பேச்சு 'பொல்யூஷன்' பக்கம் போகிறது. இருக்கக்கூடாதது இருக்கிறது என்றால் முதலாவது, அதனால் சுற்றுப்புறத்துக்குக் கேடு வந்துவிட்டது என்றால் இரண்டாவது. அறிவியல்காரர்கள் இதைக் கறாராகப் பார்க்கிறார்கள். நாளிதழ்கள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

டிஃபைல் ஆய்வகத்துக்கு வராத சொல். தோடர்களின் பால்கோயிலுக்குள் அதற்கென்று முறைப்படி அமர்த்தப்பட்டவர் தவிர வேறு யாரும் போகக்கூடாது. வெளியாள் ஒருவர் எட்டிப் பார்க்கும் ஆசையில் நுழைந்துவிட்டால் பாலில் கிருமி எதுவும் கூடியிருக்காது, ஆனாலும் அந்த இடம் 'டிஃபைல்' ஆகிவிட்டது. தீட்டு, புனிதம் என்று பேசும் இடத்தில் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். பழைய மலைப்பயண நூல்களில் 'டிஃபைல்' என்று கண்ணில் பட்டால் பதற வேண்டாம், குறுகலான கணவாய்க்கும் அதே எழுத்துகள்தான்.

கரப்ட்டை மனிதருக்கும் மொபைலில் திறக்காத ஃபைலுக்கும் விட்டுவிடலாம், உணவுக்கு அது இப்போது பழைய வாசனை. டிபேஸ் நாணயத்தில் மட்ட உலோகம் சேர்ப்பதற்கு. 'சல்லி' (sully) என்று இன்னொரு ஆங்கிலச் சொல்லும் உண்டு, அது பெயரைக் கெடுப்பதற்கு.

கடைசியாக வைத்திருந்தது டெயின்ட், எனக்கு இந்த வரிசையிலேயே பிடித்த சொல். மற்றவை பொருளையே பிடிக்கின்றன, இது அதன் வாடையைப் பிடிக்கிறது. டீ சுவைப்பவர்கள் தினமும் புழங்கும் சொல் இது: தேயிலைக்குச் சம்பந்தமில்லாத மணமோ ருசியோ கோப்பையில் தட்டுப்பட்டால் 'டெயின்ட்' என்று எழுதிவிடுவார்கள். தேயிலைக்கு வாசனையை உறிஞ்சும் குணம் அதிகம். நம் மலையிலோ பூண்டும் விளைகிறது, நீலகிரித் தைலமும் காய்ச்சுகிறார்கள். மூட்டை பூண்டுக்குப் பக்கத்தில் சில நாள் கிடந்தாலே போதும், ஒரு பல்கூட உள்ளே போயிருக்க வேண்டாம்.

வாங்குபவரின் ருசி அறிக்கையில் இந்தச் சொல் வந்ததும் 'நாங்கள் அடல்டரேட் செய்யவில்லை' என்று சூடாகப் பதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் அப்படிச் சொல்லவே இல்லையே. அவர் சொன்னது மணத்தைப் பற்றி. அந்த லாட் எந்தக் குடோனில் இருந்தது, பக்கத்தில் என்ன அடுக்கியிருந்தது, அதற்கு முன் லாரி என்ன ஏற்றி வந்தது என்று விசாரித்து எழுதினால் அதுதான் அவருக்குப் பதில்.